கிரிசாண்டோவின் பெயரால்

கோடியாக் தீவு, அலாஸ்கா
பிப்ரவரி 3

அன்புள்ள மனாங் ஃபெலிசா,

'மனாங்', அதாவது அக்கா, என்று உரிமையோடு உங்களை அழைத்த வாய் இது. இப்போது 'மனாங்' என்று எழுதவே கை கூசுகிறது.

உங்கள் எண்ணுக்கு அழைத்தால் மணிகூட அடிப்பதில்லை. என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆங்கரேஜில் உங்கள் தங்கை வீட்டு முகவரியை மீன் ஆலையில் கேட்டு வாங்கினேன். கொடுத்தவர்களைத் திட்டாதீர்கள், அழுதுதான் வாங்கினேன்.

ஜெரிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் மகன் பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கீழே வரை படியுங்கள்.

உங்களவர், எங்களுக்கெல்லாம் அண்ணனான மனோங் கிரிசாண்டோ பெயரில் ஊரார் கல்வி உதவித்தொகை ஒன்று தொடங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். மீன் ஆலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, இந்தத் தீவுப் பிள்ளைகளைக் கூடைப்பந்து ஆடவைத்து, ஆடி முடித்ததும் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, விமானம் வரை கொண்டுவிட்டவருக்கு வேறென்ன செய்ய முடியும்? முதல் வருடத் தொகையை ஜெரிக்குக்குத் தருவதாக முடிவு செய்தார்கள். குழுவுக்குத் தலைவர் நம் அர்செனியோதான். "அவர் உசுரக் குடுத்துக் காப்பாத்தின புள்ள. இவன விட்டா வேற யாருக்குக் குடுக்கறது?" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன் மனாங். பெற்றவள்தானே.

போன ஞாயிறு தேவாலயக் கூடத்தில் அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அர்செனியோ ஒலிவாங்கியை அவன் கையில் கொடுத்தார். ஜெரிக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக் கதவு வழியாக வெளியே போய்விட்டான். மேல்கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அழுகிறான் போலிருக்கிறது, பாவம், என்று சொல்லி அவர்கள் இன்னும் தட்டினார்கள்.

கடற்கரையில்தான் அவனைக் கண்டுபிடித்தேன். அந்த இடத்திலேதான். அலை முழங்கால் வரை அடித்துக்கொண்டிருக்க, ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். இழுத்தேன், வரவில்லை. "உசுரோட இருக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்கம்மா எனக்கு" என்றான்.

அன்றிலிருந்து படுத்த படுக்கை. பள்ளிக்கூடம் போவதில்லை. தட்டை வைத்தால் வைத்தபடி ஆறுகிறது. மாத்திரைப் புட்டிகளையெல்லாம் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு வரி போதும். "உன்மேல் எனக்குக் கோபமில்லை." இவ்வளவுதான். யார் சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. நீங்கள் சொன்னால் ஏறும்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

நெனிடா


ஆங்கரேஜ்
பிப்ரவரி 16

நெனிடா,

கிழிக்கவில்லை. கீழே வரை படித்தேன்.

உன் எண்ணை அடைத்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீ பேசும்போது பின்னாலிருந்து அவன் இருமுவது எனக்குக் கேட்டுவிடக் கூடாது. அவன் இருமுவான். என் மனிதர் இரும மாட்டார்.

நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியாது.

அன்றைக்குப் பூசை முடிந்து வந்து நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். அவர் உன் மகனோடு போனில் பேசியது அடுப்படி வரை கேட்டது. "வேண்டாண்டா. காத்து திரும்புது. அந்த டப்பாப் படகு தாங்காது. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், சால்மன் எங்கயும் ஓடிடாது." பிறகு அவர் அழைத்தபோது உன் மகன் எடுக்கவில்லை. "ஃபெலிசா, அந்தக் கழுத போயிட்டான்னு நெனைக்கிறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். அடுப்பை அணைத்தேனா என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.

படகு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது. அவர் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் திணித்தார். வண்டியில் கிடந்த மிதவைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், அந்தக் குளிரில். சட்டையை உன் மகனுக்கு மாட்டிவிட்டார். மீன்பிடிப் படகு வந்து இரண்டு பேரையும் தூக்கியபோது ஒருவனுக்குத்தான் மூச்சு இருந்தது.

போகாதே என்று சொன்னார், போனான். அதனால் அவர் செத்தார். இதைத் திருப்பிப் போட்டு என்னால் எழுத முடியவில்லை. இந்த வசந்தத்தில் பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான வீகானுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று பேசி வைத்திருந்தோம். அங்கே அவருடைய அண்ணன் எங்களுக்காகச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார். அவருக்கும் இன்னும் நான் பதில் எழுதவில்லை.

எனக்கு உன் மகன்மேல் கோபம் இருக்கிறது. கணவர்மேல் அதைவிட அதிகம் இருக்கிறது. பொய் எழுதித் தந்தால் அவன் அதைக் கண்டுபிடிப்பான். அவர் வளர்த்த பிள்ளைகளுக்குப் பொய் உடனே தெரியும்.

ஃபெலிசா


கோடியாக்
பிப்ரவரி 27

மனாங்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், அவனுக்குக் கேட்கக் கூடாதே என்று.

அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். ஜெரிக் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. மருத்துவமனையில் கண் விழித்ததும் முதலில் சொன்னதே அதுதான். பாதிரியாரிடம் சொன்னான். "கர்த்தருடைய சித்தம் மகனே" என்றார். அர்செனியோவிடம் சொன்னான். "சேச்சே, அப்படியெல்லாம் பேசப்படாது. மனோங் ஒரு வீரன். நீ அவர் விட்டுட்டுப் போன பரிசு" என்று முதுகில் தட்டினார். பள்ளிக்கூடத்து ஆலோசகர் அம்மாள் ஒரு பொம்மைப் படத்தைக் கொடுத்து, உன் மனம் என்ன நிறம் என்று கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல எல்லோரும் அவன் வாயை மிட்டாயால் அடைக்கிறார்கள். நானும்தான்.

அவனுக்குப் பதினெட்டு ஆகப் போகிறது. அந்த வயதில் யார் சொல்பேச்சுக் கேட்டார்கள்? என் பிறந்தநாளுக்கு மீன் கொண்டுவரத்தான் போனான் மனாங். இதை இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. "அம்மா, கடையில மீன் வாங்கிடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நேற்று அவன் அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தோளால் இடித்துத் திறந்தேன். சும்மாதான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "பயப்படாதம்மா, எனக்கு அதுக்குக்கூட சக்தி இல்ல" என்றான். இந்தச் சொல்லைக் கேட்ட தாய் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள். ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிக்காட்ட மாட்டேன். மனோங் இருந்திருந்தால் இந்த ஊர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் உங்கள் பிள்ளை என்பார். நீங்கள் அவருடைய மனைவிதானா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன், மன்னியுங்கள். அடிப்பதென்றால் வந்து அடியுங்கள். ஆனால் அவனைச் சாக விடாதீர்கள்.

நெனிடா


ஆங்கரேஜ்
மார்ச் 9

நெனிடா,

உன் கேள்விக்குப் பதில்: ஆம், அவருடைய மனைவிதான். அதனால்தான் இதைச் செய்திருக்கிறேன். வேறு யார் மூலமாகவோ தெரிவதைவிட என்னிடமிருந்தே தெரியட்டும்.

உதவித்தொகைக் குழுவுக்கு நேற்று எழுதிவிட்டேன். என் கணவர் பெயரில் தரும் தொகை ஜெரிக்குக்குப் போகக் கூடாது. அவர் போகாதே என்றார், அவன் போனான். அதற்குப் பரிசு கிடையாது. போன வருடம் முழுக்க அவரோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டிவினாவுக்குத் தாருங்கள். அவள் செவிலியர் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இதுதான் நான் எழுதியது. அர்செனியோவுக்கு என்மேல் வருத்தம் வரும். வரட்டும்.

உனக்கு நினைவிருக்கிறதா, ஜூனோ அணியோடு ஆட்டம் இருந்தபோது நம் ஊர்க்காரர்கள் அவரைத் திட்டினார்களே. நன்றாக ஆடுகிற பையன் பயிற்சிக்கு வராமல் ஏமாற்றினான் என்று அவனைக் கடைசி வரை பெஞ்சிலேயே உட்கார வைத்தார். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அதே பையனைத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தார், தட்டு நிறைய பான்சித் நூடுல்ஸ் போட்டார். நான் கேட்டேன், இதென்ன நியாயம் என்று. "தப்பே பண்ணலேன்னு நான் சொன்னா அவன் என்னை முட்டாள்னு நெனைப்பான். சோறு போடலேன்னா தன்னை நாய்னு நெனைப்பான்" என்றார்.

அவரைப் போலச் சோறு போடும் அளவுக்கு எனக்கு மனது வரவில்லை. முதல் பாதியைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

ஃபெலிசா


கோடியாக்
மார்ச் 20

மனாங்,

இதை டிவினா கையில் கொடுத்தனுப்புகிறேன். மாநிலக் கூடைப்பந்துப் போட்டிக்கு அணியோடு ஆங்கரேஜ் வருகிறாள். தபாலை நம்ப எனக்கு இப்போது நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை அர்செனியோ உங்கள் கடிதத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "அந்தம்மாவுக்குத் துக்கத்துல புத்தி பெசகிடுச்சு. நாங்க கண்டுக்கப் போறதில்ல. தம்பி காதுல மட்டும் போட்டுடாதீங்க" என்று கூடத்தில் நின்று சொன்னார். அந்த மனிதருக்கு மெதுவாகப் பேசத் தெரியாதென்று உங்களுக்குத்தான் தெரியுமே. நான் உங்களைச் சபித்தேன். உள்ளதைச் சொல்கிறேன். வாய்க்கு வந்தபடி சபித்தேன்.

திரும்பிப் பார்த்தால் ஜெரிக் கதவோரம் நிற்கிறான். எழுந்து வந்திருக்கிறான், தானாக.

"மனாங் ஃபெலிசாவா எழுதினாங்க?"

"இல்லப்பா, அது வந்து..." என்று அர்செனியோ தடுமாறினார்.

"குடுங்க."

வாங்கி நின்றபடியே படித்தான். முடிந்தது, இத்தோடு பிள்ளை போனான் என்று நினைத்தேன். அவன் கடிதத்தை மடித்து அர்செனியோவிடம் திருப்பிக் கொடுத்தான். "இவங்க ஒருத்தர்தான் என்கூடப் பேசியிருக்காங்க" என்றான். பிறகு அடுப்படிக்குப் போய், பானையிலிருந்த ஆறிப்போன சோற்றை அள்ளி, மீன்குழம்பை ஊற்றி, நின்றுகொண்டே தின்றான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் பேசினால் நிறுத்திவிடுவானோ என்று மூச்சுக்கூட விடவில்லை.

மறுநாள் நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவன் இல்லை.

கடற்கரைக்குத்தான் முதலில் ஓடினேன். பிறகு படகுத்துறை. ஹோமர் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் அவனைப் போல ஒருவனைப் பார்த்ததாகத் துறையில் வேலை செய்கிறவர் சொல்கிறார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொல்கிறார். நிச்சயமில்லாத அந்தப் பாதியிலேதான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். காவலர்கள் தேடுகிறார்கள். கடலோரக் காவல் படகும் போயிருக்கிறது. அந்தப் படகு எதற்குப் போயிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அவன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டான். உங்களிடம் வந்தால், வந்தால், கதவைத் திறங்கள். திறக்க மனமில்லாவிட்டால் வாசலில் நிற்கிறான் என்று எனக்குச் சொல்லவாவது செய்யுங்கள். என் எண்ணை அடைப்பிலிருந்து எடுங்கள். நான் உங்களைச் சபித்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தேவையானால் அதை என்மேலேயே போட்டுக்கொள்கிறேன்.

நெனிடா


ஆங்கரேஜ்
மார்ச் 23

நெனிடா,

உன்னை அழைத்து "இங்கே இருக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மீதியை எழுதுகிறேன்.

டிவினா உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன அன்று மதியம், தங்கை வேலைக்குப் போயிருந்தாள். மாடிப்படியில் யாரோ வெகுநேரமாக உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். எட்டிப் பார்த்தேன். அவன்தான். ஹோமரிலிருந்து ஏதோ லாரியில் ஏறி வந்திருக்கிறான். உதடெல்லாம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

நான் கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை. சந்து வழியாகத்தான் பேசினேன்.

"எதுக்கு வந்த?"

"நீங்க எழுதினதை நேர்ல சொல்லுங்க."

சொன்னேன். "அவரு போகாதன்னாரு. நீ போன. அதனாலதான் செத்தாரு."

"ஆமா."

"நான் உன்னை மன்னிக்கல."

"தெரியும். மன்னிக்கச் சொல்லி வரல." நெற்றியைக் கதவு நிலைமேல் வைத்துக்கொண்டான். "எல்லாரும் 'உன் தப்பில்ல, உன் தப்பில்ல'ங்கறாங்க. அப்ப அவரு சும்மாவா செத்தாரு? யாரோ தள்ளி விட்டமாதிரியா? எனக்குப் பைத்தியம் பிடிக்குது மனாங்."

சங்கிலியை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்காதே.

உட்கார வைத்தேன். பிறகு நான் கேட்டேன். அன்றிலிருந்து எனக்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டேன். ஊரில் யாரும் எனக்குச் சொல்ல முடியாத, இவனுக்கு மட்டுமே தெரிந்ததை. தண்ணீரில் அவர் என்ன பேசினார்?

அவன் முதலில் முடியாது என்று தலையை ஆட்டினான். நான் விடவில்லை.

"திட்டிக்கிட்டே இருந்தாரு. 'கால அடிடா, தூங்காத, கழுத, கால அடி'ன்னு. சட்டையை மாட்டிவிடறப்ப கை வெறைச்சு கொக்கி மாட்ட முடியல, பல்லால கடிச்சு மாட்டினாரு. அப்புறம்..."

"அப்புறம்?"

"கரையைப் பாத்தாரு. 'அங்க பாரு, உன் மனாங் என் ஜாக்கெட்டப் புடிச்சுக்கிட்டு எப்படி நிக்கறா. இன்னிக்கு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு கெடையாது'ன்னாரு. சிரிச்சாரு மனாங். நெஜமாவே சிரிச்சாரு. அதுக்கப்புறம் பேசல."

நெனிடா, நானும் சிரித்தேன். அவர் குரலிலேயே அது எனக்குக் கேட்டது. சிரித்த வாயை மூட முடியவில்லை, அதிலிருந்து வேறென்னவோ சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்கு. உன் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான். பிடிக்காதே என்று அடித்தேன். தோளில், முதுகில், கை வலிக்க அடித்தேன். நகராமல் நின்றான்.

நீதான் எழுதினாயே, வந்து அடியுங்கள் என்று. அடித்துவிட்டேன்.

இப்போது தங்கையின் சோபாவில் படுத்திருக்கிறான். காய்ச்சல் இருக்கிறது. மருத்துவரிடம் காட்டினேன். மனநோய்க்குப் பார்க்கிற பெண் டாக்டரிடமும் வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பொம்மைப் படம் கொடுக்காத டாக்டர்தான், விசாரித்துவிட்டேன்.

ஃபெலிசா


கோடியாக்
மார்ச் 31

மனாங்,

"இங்கே இருக்கிறான்" என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நேற்று அவன் என்னோடு பேசினான். "அம்மா, மனாங் என்னை அடிச்சாங்க" என்றான், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை சொல்வது மாதிரி. உங்களுக்கு நன்றி சொல்வதா, என் பிள்ளையை அடித்ததற்குச் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது. இத்தனை நாள் நான் தாங்கிப் பிடித்த பிள்ளை, திட்டியவரைத் தேடிக் கடல் தாண்டிப் போயிருக்கிறான்.

குழு கூடியது. அர்செனியோ முதலில் முடியாது என்றார். நான் எழுந்து, என் மகனே வேண்டாம் என்கிறான், இனி என்ன பேச்சு என்றேன். டிவினாவுக்கு என்று முடிவாகிவிட்டது. அந்தப் பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, ஜெரிக்கோடத நான் பறிச்ச மாதிரி இருக்கு" என்று அழுதாள். "அது அவனோடது இல்லடி, அவருதான் உனக்குக் குடுக்கறாரு" என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வலித்தது.

மனாங், அவனை அனுப்பிவிடுங்கள். விடுபட்ட பாடங்களைப் படித்தால் ஜூன் மாதம் பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம் என்கிறார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவு காற்றுக்குத் தானாகத் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து பார்க்கிறேன்.

நெனிடா


ஆங்கரேஜ்
ஏப்ரல் 18

நெனிடா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேண்டுமென்றேதான்.

பாடங்களை இங்கிருந்தே படித்து அனுப்பலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், கேட்டுவிட்டேன். அவனுடைய கணக்குப் புத்தகத்தையும் தடித்த காலுறைகளையும் அனுப்பு. காய்ச்சல் விட்டுவிட்டது. சாப்பிடுகிறான். எல்லா நாளும் இல்லை. சில நாள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான். அப்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவனைத் தேற்றுவதற்கு எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. அது அவனுக்குப் பிடித்திருக்கிறது போல.

நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ தவறாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அவன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றால் இப்போதும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். அவன் புரிந்துகொண்டு தலையைத் துவட்டிவிட்டுத்தான் வருகிறான்.

டிவினாவுக்குத் தருகிற விழாவுக்கு நான் வர முடியாது. அந்தக் கூடத்தில் நிற்க எனக்கு இன்னும் தெம்பு இல்லை. அர்செனியோவிடம் சொல், அவரைப் புனிதராக்கிப் பேச வேண்டாம். கோபக்காரர், குறட்டை விடுவார், வீட்டுச் சாவியை எப்போதும் தொலைப்பார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

இனி நான் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். நீ என்னிடம் கெஞ்சியபோது நான் தரவில்லை. அதனால் நீயும் மறுக்கலாம்.

தினமும் மாலையில் அவன் வந்து என் எதிரில் உட்காருகிறான். நான் கேட்கிறேன், அவன் சொல்கிறான். தண்ணீரில் நடந்ததெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. இப்போது வேறு. நான் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த அந்த மாலைகளிலெல்லாம் ஆட்டக்களத்தில் அவர் எப்படி இருந்தார், யாரை எப்படிக் கேலி செய்தார், வண்டியில் வரும்போது எந்தப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடினார். என் கணவருடைய வாழ்க்கையில் பாதி உங்கள் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது, நெனிடா. அதைப் பொறாமையோடு பார்த்தே இத்தனை வருடம் கழித்துவிட்டேன். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்கு வருகிறது. அவன் போய்விட்டால் அவர் மறுபடியும் செத்துப் போவார்.

உன் வீடு வெறிச்சென்று இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நீ வேண்டுமானால் இங்கே வந்துவிடு. சோபா ஒன்றுதான் இருக்கிறது, தரையில் பாய் போடலாம். வர முடியாதென்றால், பள்ளி முடியும் வரையிலாவது அவனை என்னிடம் விட்டு வை.

இன்னும் நான் கேட்டு முடியவில்லை.

ஃபெலிசா